டென்னசி முதல் பிரிஸ்டல் வரை: அணுக்கருவும் பகா எண்களும்

செவ்வாய், கேட்லின்பர்க்

கணிதமும் இயற்பியலும் சந்தித்த கதைகளில் அதிகம் சொல்லப்படுவது 1972-ல் பிரின்ஸ்டனில் நடந்த ஒரு தேநீர் வேளைதான். பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஓர் இளைஞர், அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களை ஆராய்ந்த ஒரு மூத்தவரைச் சந்திக்கிறார். இருவர் கையிலும் ஒரே சூத்திரம். கேட்பவர்கள் 'என்ன ஒரு தற்செயல்' என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது தற்செயல் என்று தோன்றவில்லை. அந்தச் சந்திப்புக்குப் பின்னால் இருக்கும் ஊர்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, அங்கங்கே இருந்தபடியே எழுதிப் போடலாம் என்று கிளம்பிவிட்டேன். முதல் ஊர் டென்னசி மாநிலத்தில், ஸ்மோக்கி மலையடிவாரத்தில் இருக்கிறது.

இங்கே எங்கு பார்த்தாலும் மலை பார்க்க வந்த கூட்டம். நான் வந்தது 1956 நவம்பரில் இந்த ஊரில் நடந்த ஒரு மாநாட்டுக்காக. நியூட்ரான்கள் பறக்கும் நேரத்தை அளந்து அதன் மூலம் அணுக்கருவை ஆராய்பவர்கள் கூடிய மாநாடு அது. அணுகுண்டுத் திட்டத்துக்காக எழுப்பப்பட்ட ஓக் ரிட்ஜ் நகரமும் இதே மாநிலத்தில், காரில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. அங்கே கிராஃபைட் அணு உலை 1943 நவம்பர் 4 அன்று இயங்கத் தொடங்கியது. போர் முடிந்தபின் 1946-47-ல் அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தவர் இயற்பியலாளர் யூஜின் விக்னர். இந்தக் கதையின் முதல் ஆள் அவர்தான்.

அந்த அளவீட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நியூட்ரான்களைக் கண நேரத்தில் ஒரு கொத்தாக வெளியே விடுகிறார்கள். வேகமானவை முன்னால் வந்து சேரும், மெதுவானவை பின்தங்கும். ஓடிய தூரம் தெரியும், எடுத்துக்கொண்ட நேரமும் தெரியும். ஆக ஒவ்வொன்றின் ஆற்றலும் தெரிந்துவிடும். வழியில் ஒரு யுரேனியத் தகட்டை வைத்தால், சில குறிப்பிட்ட ஆற்றல் கொண்ட நியூட்ரான்கள் மட்டும் வந்து சேருவதில்லை. அந்த ஆற்றல்களில் யுரேனியக் கரு அவற்றை விழுங்கிவிடுகிறது. யுரேனியம்-238-க்கு அந்த ஆற்றல்களில் பெரியவை சுமாராக 6.67, 20.9, 36.7, 66.0, 80.7, 102.6 எலக்ட்ரான் வோல்ட். அப்படியே மேலே போய்க்கொண்டே இருக்கும்.

இந்த எண்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஓர் ஒழுங்கு பிடிபடாது. ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களை ஒரே வரியில் எழுதிவிடலாம். இருநூற்றுச் சொச்சம் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று பாதிக்கும் கருவுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. விக்னர் காட்டிய துணிச்சலை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். தனித்தனி மட்டங்களைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆசையையே அவர் விட்டுவிட்டார். கருவின் ஆற்றலைத் தீர்மானிக்கும் அணி, அதாவது மேட்ரிக்ஸ், நமக்குத் தெரியாது. சரி, சமச்சீரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, மற்றபடி அதில் எண்களைத் தற்போக்காக நிரப்புவோம். அப்படிப்பட்ட அணிகளின் ஐகன் மதிப்புகளுக்கு (அணியிலிருந்து பிறக்கும் தனி எண்கள், கருவின் அணியில் அவைதான் ஆற்றல் மட்டங்கள்) இடையே உள்ள இடைவெளிகள் எப்படிப் பரவியிருக்கும் என்று மட்டும் கேட்போம். இந்த ஊர் மாநாட்டில் அவர் சொன்ன விடைக்கு இன்று விக்னர் ஊகம் என்று பெயர்.

அதன் உயிர்நாடியைப் பிடிக்க இரண்டுக்கு இரண்டு அணி போதும். மூலைவிட்டத்தில் அ, ஆ என்று இரண்டு எண்கள். மீதி இரண்டு இடங்களிலும் இ. இந்த அணியின் இரண்டு ஐகன் மதிப்புகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காண, அ-வுக்கும் ஆ-வுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தோடு இ-யின் வர்க்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வர்க்கங்கள் குறை எண் ஆகாது. ஆகவே இந்த வித்தியாசம் பூஜ்யமாக வேண்டுமென்றால் அ-வும் ஆ-வும் சமமாக வேண்டும், அதே சமயத்தில் இ-யும் பூஜ்யமாக வேண்டும். இரண்டு தற்செயல்கள் ஒன்றாக நடந்தாக வேண்டும். அதனால்தான் இரண்டு மட்டங்கள் ஒட்டிக்கொண்டு நிற்பது அபூர்வம். மட்டங்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன என்று இயற்பியலாளர்கள் சொல்வார்கள். விலக்கும் விசை என்று எதுவும் தனியாக இல்லை. அந்த வர்க்கக் கூட்டல்தான் அத்தனை வேலையையும் செய்கிறது.

'இரண்டு தற்செயல்கள்' என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் அது மூன்றாகிறது.

வியாழன், பிரின்ஸ்டன்

முதலில் பல்கலைக்கழகத்தின் ஜோன்ஸ் ஹால். ஒரு காலத்தில் இதன் பெயர் ஃபைன் ஹால். கணிதத் துறை இங்கேதான் இருந்தது. ஈயச் சட்டமிட்ட ஜன்னல் கண்ணாடிகளிலேயே சூத்திரங்களைப் பதித்திருக்கிறார்கள். 1939-ல் நீல்ஸ் போரும் ஜான் வீலரும் அணுக்கருப் பிளவின் கோட்பாட்டை உருவாக்கியதும் இங்கேதான். ஒரே கூரைக்குக் கீழே கணிதக்காரர்களும் கருவை ஆராய்பவர்களும் இருந்த இடம் இது. விக்னர் பல பத்தாண்டுகள் பேராசிரியராக இருந்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான்.

அங்கிருந்து நடந்தே இன்ஸ்டிட்யூட் ஃபார் அட்வான்ஸ்டு ஸ்டடிக்குப் போனேன். இது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததல்ல, தனி நிறுவனம். ஃபுல்ட் ஹால் என்ற செங்கல் கட்டடம், முன்னால் பரந்த புல்வெளி. பிற்பகல் தேநீர் இங்கே பல தலைமுறையாகத் தொடரும் வழக்கம். நான் புல்வெளியில் நின்று பார்த்ததோடு சரி.

தொடக்கத்தில் சொன்ன இளைஞர் ஹ்யூ மாண்ட்கோமரி, மூத்தவர் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன். 1972 வசந்தத்தில் மாண்ட்கோமரி இங்கே வந்தது டைசனைப் பார்க்க அல்ல. எண் கோட்பாட்டில் பெரிய ஆளான அட்லே செல்பெர்கிடம் தன் புதிய முடிவைக் காட்டிக் கருத்துக் கேட்கத்தான் வந்தார். அந்த முடிவு ரீமன் சீட்டா சார்பின் பூஜ்யங்களை, அதாவது அந்தச் சார்பின் மதிப்பு பூஜ்யமாகும் இடங்களைப் பற்றியது. அந்தச் சார்பு பிறந்த ஊருக்கே அடுத்துப் போகிறேன் என்பதால் இப்போதைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகா எண்கள் சராசரியாக எவ்வளவு நெருக்கமாக வரும் என்பதை மடக்கையை வைத்துச் சொல்லிவிடலாம். அந்தச் சராசரியிலிருந்து அவை கூடியும் குறைந்தும் விலகுவது எண்ணற்ற அலைகளின் கூட்டுத்தொகை. ஒவ்வோர் அலைக்கும் ஓர் அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண்கள்தான் பூஜ்யங்களின் உயரங்கள்: 14.13, 21.02, 25.01, 30.42, 32.94, 37.59, 40.92. மேலே போட்ட யுரேனியப் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதிலும் கண்ணுக்கு ஓர் ஒழுங்கு தெரியாது. ஆனால் இரண்டிலுமே எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதில்லை.

தேநீர் வேளையில் மாண்ட்கோமரி பேசிக்கொண்டிருந்தது எண் கோட்பாட்டாளர் சர்வதமன் சௌலாவிடம். 'டைசனைச் சந்தித்திருக்கிறீர்களா' என்று சௌலா கேட்க, இல்லை என்றார். சௌலா விடவில்லை, வற்புறுத்தி அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தார். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஃப்ரீமன் டைசன் கேட்டதும், மாண்ட்கோமரி தன் சூத்திரத்தைச் சொன்னார். சராசரி இடைவெளியை 1 என்று வைத்துக்கொண்டு, இரண்டு பூஜ்யங்களுக்கு இடையே உள்ள தூரத்தை யு என்று அழைப்போம். பை யு-வின் சைனை பை யு-வால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 1-லிருந்து கழிக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். டைசனுக்கு உடனே பொறி தட்டியது. தற்போக்கு ஹெர்மிஷிய அணிகளின் ஐகன் மதிப்புகளுக்கு அவரும் மற்றவர்களும் பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்த அதே சூத்திரம் அது. பின்னர் செல்பெர்குக்கு அவர் ஒரு குறிப்பு எழுதி, மாண்ட்கோமரிக்குத் தேவையானது மதன் லால் மேத்தாவின் தற்போக்கு அணிகள் பற்றிய நூலில் இருக்கிறது என்று தெரிவித்தார்.

ஹெர்மிஷிய அணி என்றால் அந்த இ ஒரு சிக்கலெண். அதற்கு மெய்ப்பகுதி ஒன்று, கற்பனைப் பகுதி ஒன்று. இப்போது இரண்டு ஐகன் மதிப்புகள் ஒட்ட வேண்டுமென்றால் அ-வும் ஆ-வும் சமமாகி, இ-யின் இரண்டு பகுதிகளும் பூஜ்யமாக வேண்டும். மூன்று தற்செயல்கள். விலகல் இன்னும் கடுமையாகிறது. மாண்ட்கோமரியின் சூத்திரத்தில் யு சிறியதாக ஆக ஆக, விடை யு-வின் வர்க்கத்தைப் போலக் குறைவது இதனால்தான். பூஜ்யங்கள் தமக்குள் கடைப்பிடிக்கும் தூரத்தில், யாரும் பார்த்திராத ஒரு ஹெர்மிஷிய அணியின் தடம் தெரிகிறது. இதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சௌலாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கேம்பிரிட்ஜில் லிட்டில்வுட்டிடம் ஆய்வு செய்தவர். லாகூரில் பேராசிரியராக இருந்து, தேசப் பிரிவினையில் அந்த ஊரை விட்டு வர நேர்ந்தவர். டைசனின் பழைய காதல் எண் கோட்பாடு என்பது எண் கோட்பாட்டுக்காரர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. யாரை யாரோடு பேசவைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தார். இதை எப்படித் தற்செயல் என்பது?

வெள்ளி, மரே ஹில்

பிரின்ஸ்டனிலிருந்து வடக்கே, அதே நியூ ஜெர்சியில், பெல் ஆய்வுக்கூடம். வெளியே நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சொல்ல வேண்டியது இதுதான். மாண்ட்கோமரி தன் சூத்திரத்தை முழுமையாக நிரூபிக்கவில்லை. ரீமன் கருதுகோள் (முக்கியமான பூஜ்யங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன என்ற ஊகம்) உண்மை என்று வைத்துக்கொண்டாலும், ஓர் எல்லை வரைதான் அவரால் நிரூபிக்க முடிந்தது. மீதி ஊகம். அதைச் சோதித்தவர் இங்கே வேலை செய்த ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோ. கிரே சூப்பர் கம்ப்யூட்டரில், லட்சம் கோடியாவது பூஜ்யத்தை அடுத்து ஒரு லட்சம் பூஜ்யங்களைக் கணக்கிட்டு 1987-ல் வெளியிட்டார். அப்புறம் ஒன்றுக்குப் பின்னால் 20 சைபர் போட்டால் வரும் எண்ணின் பக்கமே போய்விட்டார். புள்ளிகள் எல்லாம் தற்போக்கு அணிகளின் வளைகோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தன.

கருவின் பக்கமும் அதே பத்தாண்டில்தான் தெளிந்தது. 1982-ல் ரிஸ்வான் ஹக், அகிலேஷ் பாண்டே, ஓரியோல் போகிகாஸ் மூவரும் பல கருக்களின் மட்டங்களை ஒன்றாகத் திரட்டி, விக்னர் வழியில் வந்த கோட்பாடு அவற்றுக்குப் பொருந்துவதைக் காட்டினார்கள்.

ஞாயிறு, கோட்டிங்கன்

அமெரிக்காவில் பார்த்ததெல்லாம் கிளைகள் என்றால், வேர் ஜெர்மனியின் நடுவே உள்ள இந்தச் சின்னப் பல்கலைக்கழக நகரத்தில் இருக்கிறது. கணித மேதை காஸ் இங்கே வாழ்ந்து இங்கேயே 1855-ல் இறந்தார். சிறுவனாக இருந்தபோதே பகா எண்களின் அடர்த்தி மடக்கையோடு சேர்ந்து குறைகிறது என்று பட்டியல்களைப் பார்த்துக் கண்டுகொண்டவர். அவர் இருந்த நாற்காலிக்கு, டிரிக்லேவுக்குப் பிறகு, 1859-ல் ரீமன் வந்தார். அதே ஆண்டு பெர்லின் அகாதமிக்கு ஒரு சிறிய கட்டுரை அனுப்பினார். எண் கோட்பாட்டைப் பற்றி அவர் வெளியிட்டது அது ஒன்றுதான். முக்கியமான பூஜ்யங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டு, நிரூபிக்கச் சிறிது முயன்றதாகவும், இப்போதைக்கு அவசியமில்லை என்பதால் விட்டுவிட்டதாகவும் சொல்லி நகர்ந்துவிடுகிறார். 1866-ல், 39 வயதில், இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற தாள்கள் இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பழைய நூலகக் கட்டடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். 1932-ல் கார்ல் சீகல் அந்தத் தாள்களிலிருந்து பூஜ்யங்களைக் கணக்கிடும் ஒரு சூத்திரத்தை மீட்டெடுத்து வெளியிட்டார். எழுபது ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் கிடந்த சூத்திரம். ரீமன் வெறுமனே ஊகிக்கவில்லை, உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. மரே ஹில்லில் கம்ப்யூட்டர் செய்த வேலைக்கும் அடிப்படை அந்தச் சூத்திரமே.

இயற்பியலின் வாசல் முதலில் திறந்ததும் இந்த ஊரில்தான். 1914 தொடக்கம் வரை இங்கே இரண்டு ஆண்டு தங்கியிருந்த ஜார்ஜ் போலியாவிடம், எட்மண்ட் லண்டாவ் ஒரு நாள் கேட்டார்: உங்களுக்குக் கொஞ்சம் இயற்பியல் தெரியுமே, ரீமன் கருதுகோள் உண்மையாக இருக்க ஏதாவது இயற்பியல் காரணம் உண்டா? போலியா சொன்ன பதிலின் சாரம் இது: பூஜ்யங்களின் உயரங்கள் ஏதோ ஒரு பௌதிக அமைப்பின் ஐகன் மதிப்புகளாக இருந்துவிட்டால் போதும். ஆற்றல் என்றால் அது மெய்யெண்ணாகத்தான் இருக்கும். உயரங்கள் எல்லாம் மெய்யெண் என்றால் பூஜ்யங்கள் எல்லாம் அந்தக் கோட்டில்தான். அவர் இதை எங்கும் அச்சிடவில்லை. 1982 ஜனவரியில் ஓட்லிஸ்கோவுக்கு எழுதிய கடிதத்தில்தான் விவரமாகச் சொன்னார். அணுவின் குவாண்டம் கோட்பாடு முழு உருவம் பெறுவதற்குப் பத்து ஆண்டுக்கு மேல் முந்திய பேச்சு இது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சேதி. 1920-களின் கடைசியில் டேவிட் ஹில்பெர்ட்டின் உதவியாளராக இந்த ஊருக்கு வந்த இளைஞர்களில் ஒருவர் யூஜின் விக்னர். ஆமாம், கேட்லின்பர்க் விக்னரேதான். ஹில்பெர்ட் அப்போது நோயாளி, சேர்ந்து வேலை செய்ய அதிகம் வாய்க்கவில்லை. ஆனால் ரீமன் கருதுகோளைத் தன் 1900-ஆம் ஆண்டுப் பட்டியலில் எட்டாவது புதிராக வைத்தவரின் வாசலில்தான், பிற்காலத்தில் அந்தப் புதிருக்குக் கருவி செய்யப்போகிறவர் நின்றிருக்கிறார்.

மாலையில் நகரக் கல்லறைத் தோட்டம். மாக்ஸ் பிளாங்க், மாக்ஸ் போர்ன், ஓட்டோ ஹான், ஹில்பெர்ட் எல்லோரும் இங்கேதான். யுரேனியப் பிளவைக் கண்ட ஹானின் கல்லில் யுரேனியத்தையும் நியூட்ரானையும் குறியீடுகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஹில்பெர்ட்டின் கல்லில் 'நாம் அறிந்தாக வேண்டும், நாம் அறிவோம்' என்ற அவருடைய வாசகம் ஜெர்மனில் இருக்கிறது. லண்டாவின் கல் இங்கே இல்லை. 1933-ல் யூதர் என்பதற்காக அவரை வகுப்பு எடுக்கவிடாமல் மாணவர்களே மறித்தார்கள். போர்ன், எம்மி நோத்தர் என்று ஒவ்வொருவராக வேலை பறிபோய் வெளியேறினார்கள். ஹெர்மன் வைல் பிரின்ஸ்டனுக்கே போனார், பின்னால் சீகலும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஃபுல்ட் ஹால் தேநீர் அறைக்கு ஆள் சேர்ந்ததில் இந்த ஊர் தன்னையே காலி செய்துகொண்டதற்கும் பங்கு உண்டு. இதைக் கசப்பில்லாமல் எழுத எனக்குத் தெரியவில்லை.

புதன், கேம்பிரிட்ஜ்

போலியாவின் கோட்டிங்கன் நாட்கள் முடிந்த கொஞ்ச காலத்தில், 1914 ஏப்ரலில், ராமானுஜன் இங்கே வந்து சேர்ந்தார். டிரினிட்டி கல்லூரியின் ஹ்யூவெல்ஸ் கோர்ட்டில் தங்கினார். அந்த வாசலில் நிற்கும்போது மனசு என்னவோ செய்தது, அதை எழுத முயலவில்லை. நான் இங்கே வந்தது அவருடைய எண் பிரிவினைக்காக.

4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 100-க்கு இந்தக் கணக்கு 19,05,69,292. ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். 200-க்கு அந்தச் சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் வரும் விடை, மக்மாஹன் கையால் போட்டு வைத்திருந்த 39,72,99,90,29,388-லிருந்து 0.004 மட்டுமே விலகியது. சூத்திரத்தின் முதல் உறுப்பு, எண்ணின் வர்க்கமூலத்தை அடுக்கில் வைத்து வளர்கிறது.

இதற்கும் அணுக்கருவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கு ஒருவர்தான் நிற்கலாம். கீழிருந்து ஒரு படி வரை எல்லாப் படிகளிலும் ஆள் நிற்கிறார்கள், மேலே எல்லாம் காலி. கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஆற்றல் படிகளில் நிற்பது ஏறக்குறைய இப்படித்தான். ஒரு படிக்கு ஒருவர் என்பது பாலியின் விதி. இப்போது மொத்தம் 4 படி ஏறும் அளவுக்கு ஆற்றல் கொடுக்கிறோம். மேலே நிற்பவர் ஒருவரே 4 படி ஏறலாம். அல்லது அவர் 3, அவருக்குக் கீழே நின்றவர் 1. அல்லது ஆளுக்கு 2. அல்லது மேலே நிற்பவர் 2, அடுத்த இருவர் ஆளுக்கு 1. அல்லது நான்கு பேர் ஆளுக்கு 1. அதே ஐந்து விதம். படிகள் சம உயரமாக இருந்தால், கருவின் கிளர்ந்த நிலைகளை எண்ணுவதும் எண்ணைப் பிரிப்பதும் ஒரே வேலை!

ஹான்ஸ் பெத்தே 1936-ல் கனமான கருக்களில் ஆற்றல் மட்டங்களின் அடர்த்தியைக் கணக்கிட்டபோது, அதிலும் ஆற்றலின் வர்க்கமூலம் அடுக்கில் வந்து நின்றது. உண்மைக் கருவில் இரண்டு வகைத் துகள்கள், சுழற்சி, சமமில்லாத படிகள் என்று சிக்கல்கள் உண்டு, அதனால் மாறிலிகள் வேறு. ஆனால் வடிவம் ஹார்டி–ராமானுஜன் கொடுத்ததே. 1946-ல் டெல்லியைச் சேர்ந்த அவுலக்கும் கோத்தாரியும் பிரிவினைக்கும் புள்ளியியல் இயற்பியலுக்கும் உள்ள இந்த உறவைத் தனியாகவே ஒரு கட்டுரையாக எழுதினார்கள். யுரேனியத்தின் மட்டங்கள் நியூட்ரான் அளவீட்டில் இருபது எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒன்று என்று அவ்வளவு நெருக்கமாக வருவதற்கும் இந்த அசுர வளர்ச்சிதான் காரணம்.

இதே டிரினிட்டியில் 1941-ல் மாணவராகச் சேர்ந்தவர் ஃப்ரீமன் டைசன். போர்க்காலம், வகுப்பில் ஆளே இல்லை, ஹார்டியின் பாடங்களை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் ஒருவராக உட்கார்ந்து கேட்டார். 5-ஆல் வகுத்தால் 4 மீதி வரும் எண்களின் பிரிவினைகள் எப்போதும் 5-ஆல் வகுபடும் என்று ராமானுஜன் நிரூபித்திருந்தார். ஏன் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. டைசன் 1944-ல் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பிரிவினையிலும் மிகப் பெரிய உறுப்பிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். மேலே உள்ள ஐந்துக்கும் முறையே 3, 1, 0, −1, −3 வரும். 5-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 3, 1, 0, 4, 2. ஐந்து பிரிவினைகளும் ஐந்து வெவ்வேறு அறைகளுக்குப் போய்விட்டன. 9, 14 என்று மேலே போனாலும் அறைகள் சமமாகவே நிரம்பும் என்பது அவர் ஊகம். பத்தாண்டு கழித்து அது நிரூபிக்கப்பட்டது.

அந்த இளைஞர் 1947-ல் இயற்பியல் படிக்க அமெரிக்கா போனார். போய்ச் சேர்ந்தது கார்னெலில், வேறு யாரிடமும் அல்ல, அதே பெத்தேயிடம். 1962-ல் கருவின் ஆற்றல் மட்டங்களைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். ராமானுஜனில் ஊறி, பெத்தேயிடம் பயின்று, விக்னரின் அணிகளை முழுக் கோட்பாடாக வளர்த்த ஒருவர் முன்னால்தான் மாண்ட்கோமரி போய் நின்றிருக்கிறார். அந்தச் சூத்திரத்தை அவர் அடையாளம் காணாமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

கிளம்பும் முன் ஃப்ரீ ஸ்கூல் லேன் வழியாகப் போனேன். பழைய கேவெண்டிஷ் ஆய்வுக்கூடம் இந்தச் சந்தில்தான். 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்த இடம். வளாகத்துக்குள் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் முதலை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. முதலை என்பது கபிட்சா ரூதர்ஃபோர்டுக்கு வைத்த செல்லப்பெயர். ரூதர்ஃபோர்டு இந்த ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்றது 1919-ல். ராமானுஜன் ஊர் திரும்பக் கப்பல் ஏறியதும் 1919-ல்.

வெள்ளி, பிரிஸ்டல்

இந்தத் தொடரை இங்கே முடிக்கக் காரணம், ஒரு முக்கியமான விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதே. 'பூஜ்யங்கள் யுரேனியக் கருவைப் போலவே நடக்கின்றன' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. கருவின் மட்டங்களுக்கு 'இரண்டு தற்செயல்' கேட்கும் மெய்யெண் அணிகள்தான் பொருந்தும், பூஜ்யங்களுக்கு 'மூன்று தற்செயல்' கேட்கும் ஹெர்மிஷிய அணிகள். இந்த வேறுபாடு சின்னதல்ல. கருவுக்குள் நடப்பதைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டினாலும் விதிகள் மாறாது. அதனால் அணியில் மெய்யெண்களே போதும். பூஜ்யங்களுக்குப் பின்னால் ஒரு பௌதிக அமைப்பு இருக்கிறது என்றால், அது காலத்தைத் திருப்பினால் வேறாகிவிடும் அமைப்பாக இருக்க வேண்டும்.

இந்த ஊரின் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி 1980-களில் அந்த அமைப்பின் அங்க அடையாளங்களைச் சொன்னார். அது குழப்ப இயக்கம், அதாவது தொடக்கத்தில் துளி மாறினாலும் பாதை முழுக்க மாறிவிடும் இயக்கம், கொண்டதாக இருக்க வேண்டும். காலத் திருப்பல் சமச்சீர் கூடாது. அதில் சுற்றிச் சுற்றி வரும் பாதைகளின் கால அளவுகள் பகா எண்களின் மடக்கைகளாக இருக்க வேண்டும்: 2-க்கு 0.693, 3-க்கு 1.099, 5-க்கு 1.609, 7-க்கு 1.946. 1999-ல் ஜான் கீட்டிங்கோடு சேர்ந்து, நிலையையும் உந்தத்தையும் பெருக்கினால் வரும் எளிய ஆற்றலிலிருந்து தொடங்கலாம் என்று ஒரு யோசனையும் வைத்தார். அந்த அமைப்பு இன்னும் கிடைக்கவில்லை.

கிடைக்காத அமைப்பை வைத்தே வேலை நடக்கிறது என்பதுதான் எனக்கு இந்த ஊரில் பிடித்த சேதி. அந்த நேர்கோட்டில் சீட்டாவின் அளவை 2, 4, 6 என்று இரட்டைப்படை அடுக்குகளுக்கு உயர்த்திச் சராசரி எடுத்தால், ஒவ்வொன்றிலும் ஒரு முழு எண் வருகிறது. 1918-ல் ஹார்டியும் லிட்டில்வுட்டும் செய்த வேலையில் முதல் எண் 1. 1926-ல் இங்ஹாம் கண்டது 2. அப்புறம் பல பத்தாண்டு எவராலும் நகர முடியவில்லை. கான்ரியும் கோஷும் அடுத்தது 42 என்று ஊகித்தார்கள். கீட்டிங்கும் நினா ஸ்னெய்த்தும் எண் கோட்பாட்டை விட்டுவிட்டு, தற்போக்கு அணிகளிலேயே அந்தச் சராசரியைக் கணக்கிட்டார்கள். 42-க்கு அவர்களின் வழியைக் கையாலேயே போட்டுவிடலாம். 1 முதல் 9 வரை பெருக்கினால் 3,62,880. அதை 6, 24, 60 மூன்றையும் பெருக்கி வரும் 8,640-ஆல் வகுத்தால் 42.

அடுத்த எண்ணைக் கான்ரியும் கோனெக்கும் எண் கோட்பாட்டு வழியில் தேடிக்கொண்டிருந்தார்கள். 1998-ல் வியன்னாவில் நடந்த கூட்டத்தில், கீட்டிங் பேசுவதற்குச் சற்று முன்புதான் இரு தரப்பும் விடைகளை ஒப்பிட்டார்கள். அணிகளின் வழியில் 1 முதல் 16 வரையான பெருக்கத்தை 24, 120, 360, 840 நான்கின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். வருவது 24,024. அவர்கள் கையில் இருந்ததும் 24,024.

அதற்கடுத்த எண் 70,11,49,020. இந்த வரிசையில் இதுவரை நிரூபிக்கப்பட்டவை 1, 2 இரண்டு மட்டும்தான். 42-க்கு இன்னும் நிரூபணம் இல்லை.